ஆட்சிக் காலத்தின் நடுவே காலியாகும் தொகுதி: சட்டமன்ற உறுப்பினர் மாற்றமும் இடைத்தேர்தலும் பற்றி டெல்டா வாக்காளர்கள் கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர் தொகுதி மக்களுக்கு 2016 மே மாதம் முதல் 2021 மே மாதம் வரையிலான ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 26 மாதங்கள் சட்டமன்றத்தில் உறுப்பினரே இல்லை. பணப் பட்டுவாடாவால் தேர்தல் ரத்தாகி முதல் ஆறு மாதங்கள் போயின. தகுதிநீக்கத்தாலும் அதைத் தொடர்ந்த வழக்காலும் பின்னர் இருபது மாதங்கள் போயின. பக்கத்து மாவட்டமான திருவாரூரில், கஜா புயல் வீசிய நவம்பரில் தொகுதியின் இருக்கை காலியாகக் கிடந்தது. மேட்டூர் அணையைத் திறக்கும் நாளும், நெல் கொள்முதலும், பயிர் இழப்பீடும் உறுப்பினர் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. சட்டம் குறித்துள்ள கெடு சரியாகக் காக்கப்படுகிறதா என்று கேட்கும் உரிமை வாக்காளருக்கு உண்டு. அப்படிக் கேட்பதற்கு முதலில் நடைமுறை தெரிந்திருக்க வேண்டும். டீக்கடையிலும் கொள்முதல் நிலைய வாசலிலும் மக்கள் கேட்கும் கேள்விகளை எடுத்துக்கொண்டு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சட்டமன்ற உறுப்பினரின் இடம் எந்தெந்தக் காரணங்களால் காலியாகும்?

இறப்பு, ராஜினாமா, கட்சித் தாவலுக்கான தகுதிநீக்கம், குற்ற வழக்கில் தண்டனை, வேறொரு அவைக்குத் தேர்வாவது, தேர்தல் செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளிப்பது ஆகியவைதான் நடைமுறையில் அடிக்கடி வருபவை. அவையின் அனுமதியில்லாமல் 60 நாட்கள் கூட்டத்துக்கு வராதவரின் இடத்தையும் காலியானதாக அவை அறிவிக்கலாம். அரசியலமைப்பின் 190-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. அந்த 60 நாட்கள் கூட்டம் நடக்கும் நாட்களைக் கொண்டே கணக்கிடப்படும். கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்ட காலமும், தொடர்ந்து நான்கு நாட்களுக்கு மேல் ஒத்திவைக்கப்பட்ட காலமும் கணக்கில் சேராது. நம் சட்டமன்றம் ஆண்டுக்குச் சில வாரங்களே கூடுவதால் இந்த விதி பெரும்பாலும் ஏட்டில்தான் இருக்கிறது.

வெற்றி பெற்றவர் உறுதிமொழி ஏற்கும் முன்பே இறந்துவிட்டால்?

அப்போதும் இடம் காலியாகி இடைத்தேர்தல் வரும். 2011-ல் திருச்சி மேற்கில் வென்று அமைச்சராகவும் பொறுப்பேற்ற மரியம் பிச்சை, சட்டமன்ற உறுப்பினராக உறுதிமொழி ஏற்கச் சென்னைக்குப் புறப்பட்டார். மே 23 அன்று வழியில் நடந்த சாலை விபத்தில் உயிரிழந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 13 அன்று அங்கே இடைத்தேர்தல் நடந்தது. ஆறு மாதக் கெடு உரியபடி காக்கப்பட்டதற்கு இதை உதாரணமாகச் சொல்லலாம்.

தொலைக்காட்சியில் "ராஜினாமா செய்கிறேன்" என்று அறிவித்தால் பதவி போய்விடுமா?

போகாது. தம் கையொப்பத்துடன் பேரவைத் தலைவருக்கு, அதாவது சபாநாயகருக்கு, எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் உண்மையானதுதானா, அவர் தாமாக விரும்பி எழுதியதுதானா என்று பேரவைத் தலைவர் விசாரித்துப் பார்க்கலாம். மிரட்டி வாங்கிய கடிதம் என்று தெரிந்தால் ஏற்க வேண்டியதில்லை. 1974-ல் வந்த 33-வது திருத்தம் இந்தப் பாதுகாப்பைக் கொடுத்தது. கடிதம் ஏற்கப்படும் வரை அதைத் திரும்பப் பெறவும் முடியும். ஆகவே கட்சி அலுவலகத்தில் சால்வை போர்த்தப்பட்ட நாளைக் கணக்கில் எடுக்காதீர்கள். கடிதம் ஏற்கப்பட்டு, சட்டமன்றச் செயலகத்தின் அறிவிக்கை அரசிதழில் வந்துவிட்டதா என்று பாருங்கள்.

கட்சி மாறினால் பதவி எப்படிப் பறிபோகிறது? தஞ்சாவூரில் நடந்தது என்ன?

1985-ல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணைதான் கட்சித் தாவல் தடைச் சட்டம். ஒருவர் தம் கட்சியின் உறுப்பினர் பொறுப்பைத் தாமாகவே விட்டுவிட்டாலும், கொறடாவின் (அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவிடுபவர்) உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் இருந்தாலும் தகுதி இழப்பார். உத்தரவை மீறியதைக் கட்சி 15 நாட்களுக்குள் மன்னித்துவிட்டால் தப்பலாம். சுயேச்சையாக வென்றவர் பின்னர் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் பதவி போகும். மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து வேறு கட்சியோடு இணைந்தால் மட்டும் விலக்கு உண்டு. மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் தப்பலாம் என்று முன்பு இருந்த வசதி 2003-ல் நீக்கப்பட்டது.

முடிவெடுப்பவர் பேரவைத் தலைவர். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. பேரவைத் தலைவர் எப்போதும் ஒரு கட்சியின் வேட்பாளராக வென்று வந்தவர். ஒரே ஆண்டில் நடந்த இரண்டு நிகழ்வுகளைப் பாருங்கள். 2017 பிப்ரவரி 18 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 அதிமுக உறுப்பினர்கள் எடப்பாடி பழனிசாமி அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர்கள் தகுதிநீக்கம் செய்யப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று, டி.டி.வி. தினகரன் ஆதரவாளர்கள் 19 பேர் ஆளுநரைச் சந்தித்து, முதலமைச்சருக்கு அளித்த ஆதரவைத் திரும்பப் பெறுவதாகக் கடிதம் கொடுத்தார்கள். அவையில் வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. ஒருவர் பின்வாங்கிக்கொள்ள, மற்ற 18 பேரையும் பேரவைத் தலைவர் ப. தனபால் செப்டம்பர் 18 அன்று தகுதிநீக்கம் செய்தார். கட்சியைத் தாமாக விட்டதாகவே அவர்களின் நடத்தை காட்டுகிறது என்பது அவர் சொன்ன காரணம். அந்த 18 பேரில் தஞ்சாவூர் உறுப்பினர் எம். ரெங்கசாமியும் ஒருவர்.

அவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார்கள். அந்தத் தொகுதிகளுக்குத் தேர்தல் அறிவிக்கக் கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2018 ஜூன் 14 அன்று இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு அளித்தார்கள். மூன்றாவது நீதிபதி எம். சத்தியநாராயணன் அக்டோபர் 25 அன்று தகுதிநீக்கம் செல்லும் என்றார். தேர்தல் நடந்தது 2019 ஏப்ரல் 18 அன்று. மே 23 அன்று முடிவு வந்து டி.கே.ஜி. நீலமேகம் உறுப்பினரானார். தகுதிநீக்கம் சரியா தவறா என்பதில் யாருக்கும் எந்தக் கருத்தும் இருக்கலாம். இடையில் போன இருபது மாதங்களில் இரண்டு சம்பாப் பருவங்கள் முடிந்துவிட்டன. தாம் செய்யாத தவறுக்குத் தண்டனை அனுபவித்தவர்கள் வாக்காளர்கள்.

தகுதிநீக்க மனுக்களைப் பொதுவாக மூன்று மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் மணிப்பூர் வழக்கில் சொன்னது. 2025-ல் தெலங்கானா வழக்கிலும் பேரவைத் தலைவருக்கு மூன்று மாதக் கெடு விதித்தது. அதைப் பின்பற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

தகுதிநீக்கம் செய்யப்பட்டவர் அதே இடைத்தேர்தலில் மீண்டும் நிற்கலாமா?

கட்சித் தாவல் காரணமாக நீக்கப்பட்டவர் நிற்கலாம். 18 பேரில் பலர் 2019-ல் மீண்டும் களம் இறங்கினார்கள். கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு இதை உறுதி செய்தது. குற்ற வழக்கில் தண்டனை பெற்றுத் தகுதி இழந்தவர் நிற்க முடியாது.

எங்கள் உறுப்பினர் சிறிய கட்சிக்காரர், பெரிய கட்சியின் சின்னத்தில் வென்றார். அவர் எந்தக் கட்சி?

யார் அவரை வேட்பாளராக நிறுத்தினார்களோ அந்தக் கட்சி. 2016-ல் நாகப்பட்டினத்தில் மனிதநேய ஜனநாயகக் கட்சியின் தமிமுன் அன்சாரி இரட்டை இலையில் வென்றார். 2021-ல் பாபநாசத்தில் மனிதநேய மக்கள் கட்சித் தலைவர் ஜவாஹிருல்லா உதயசூரியனில் வென்றார். இப்படி வெல்பவர்கள் மேடையில் தங்கள் கட்சிக்கொடியைப் பிடிக்கலாம். அவையின் பதிவேட்டில் அவர்கள் சின்னம் கொடுத்த கட்சியின் உறுப்பினர்கள். அந்தக் கட்சிக் கொறடாவின் உத்தரவு அவர்களையும் கட்டுப்படுத்தும். கூட்டணி முறிந்தால் இவர்களுக்குத்தான் சங்கடம் அதிகம்.

தண்டனை பெற்றால் உடனே பதவி போய்விடுமா? மேல்முறையீடு செய்தால்?

இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பு வந்த நாளிலேயே போய்விடும். மேல்முறையீடு செய்துவிட்டுப் பதவியில் தொடர வழி கொடுத்த, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(4) பிரிவை உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 10 அன்று லில்லி தாமஸ் வழக்கில் செல்லாதது என்று அறிவித்தது. ஊழல் தடுப்புச் சட்டம் போன்ற சில சட்டங்களின் கீழ் தண்டனைக் காலம் அதைவிடக் குறைவாக இருந்தாலும் தகுதி போகும். சிறையிலிருந்து வெளிவந்த பின் மேலும் ஆறு ஆண்டுகள் தேர்தலில் நிற்க முடியாது.

டெல்டாவின் தலைவாசலான ஸ்ரீரங்கம் தொகுதி இதை நேரில் கண்டது. அதன் உறுப்பினராகவும் முதலமைச்சராகவும் இருந்த ஜெயலலிதாவுக்குப் பெங்களூரு தனி நீதிமன்றம் 2014 செப்டம்பர் 27 அன்று நான்கு ஆண்டுத் தண்டனை விதித்தது. பதவி அன்றே போனது. 2015 பிப்ரவரி 13 அன்று நடந்த இடைத்தேர்தலில் எஸ். வளர்மதி வென்றார். மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. அவர் மீண்டும் முதலமைச்சரானபோது ஸ்ரீரங்கத்துக்கு வேறு உறுப்பினர் வந்துவிட்டார். எனவே சென்னை ஆர்.கே. நகரில் வெற்றிவேல் ராஜினாமா செய்ய, அங்கே ஜூன் 27 அன்று நடந்த இடைத்தேர்தலில் நின்று வென்றார். அந்த விடுதலையை உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் ரத்து செய்தது. அப்போது அவர் உயிருடன் இல்லை.

இதோடு திருக்கோவிலூரை ஒப்பிட்டுப் பாருங்கள். 2023 டிசம்பர் 21 அன்று அமைச்சர் பொன்முடிக்கு உயர் நீதிமன்றம் மூன்று ஆண்டுத் தண்டனை விதித்தது. தொகுதி காலியானதாக அறிவிக்கப்பட்டது. ஆனால் இடைத்தேர்தல் நடப்பதற்குள், 2024 மார்ச்சில், குற்றத் தீர்ப்பையே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. காலியிட அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது, அவர் மீண்டும் உறுப்பினரானார். தண்டனையை மட்டும் நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்தால் இந்தப் பலன் கிடைக்காது. குற்றவாளி என்ற தீர்ப்பே நிறுத்திவைக்கப்பட வேண்டும்.

ஒருவர் ஒரே நேரத்தில் எம்.பி.யாகவும் எம்.எல்.ஏ.வாகவும் இருக்கலாமா?

கூடாது. நாடாளுமன்றத்துக்குத் தேர்வான சட்டமன்ற உறுப்பினர், அந்த முடிவு அரசிதழில் வந்த 14 நாட்களுக்குள் சட்டமன்றப் பதவியை விட வேண்டும். விடாவிட்டால் நாடாளுமன்ற இடம் போய்விடும்.

2021-ல் ஒரத்தநாட்டில் வென்ற ஆர். வைத்திலிங்கம் அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். அவரும் வேப்பனஹள்ளியில் வென்ற கே.பி. முனுசாமியும் சட்டமன்றத்தையே தேர்ந்தெடுத்து மாநிலங்களவைப் பதவியை விட்டார்கள். அதனால் ஒரத்தநாட்டு மக்கள் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. காலியான மாநிலங்களவை இடங்களுக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள்தான் வாக்காளர்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் இரண்டு திமுக வேட்பாளர்கள் போட்டியின்றித் தேர்வானார்கள்.

ஒருவர் அதிகபட்சம் இரண்டு தொகுதிகளில் நிற்கலாம். இரண்டிலும் வென்றால் 14 நாட்களுக்குள் ஒன்றை விட வேண்டும், இல்லையேல் இரண்டுமே காலியாகும். இப்படி வரும் இடைத்தேர்தல் முழுக்க முழுக்கத் தவிர்க்கக் கூடிய செலவு. ஒரே தொகுதியில்தான் நிற்க வேண்டும் என்று சட்டம் மாற வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

காலியான எத்தனை நாட்களுக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும்?

ஆறு மாதங்களுக்குள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ன் 151ஏ பிரிவு இதைச் சொல்கிறது. 1996-ல்தான் இந்தப் பிரிவு வந்தது. விதிவிலக்கு இரண்டு. உறுப்பினரின் மீதிப் பதவிக் காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் நடத்த வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்குள் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசைக் கலந்து சான்றளித்தாலும் தள்ளிப்போகலாம்.

இந்த இரண்டாவது விதிவிலக்கின் பொருளைத் திருவாரூர் நன்றாக அறியும். 2011-லும் 2016-லும் அங்கே வென்ற மு. கருணாநிதி 2018 ஆகஸ்ட் 7 அன்று காலமானார். கெடு 2019 பிப்ரவரி தொடக்கம். நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன, கூரைகள் பறந்தன, பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. இந்நிலையில் ஜனவரி 28 அன்று திருவாரூரில் இடைத்தேர்தல் என்று ஆணையம் அறிவித்தது. நிவாரணப் பட்டியல் முடியாத நேரத்தில் தேர்தல் வந்தால் நடத்தை விதிகள் குறுக்கே நிற்கும், நிவாரணமே வாக்குக்கான கையூட்டாக மாறும் என்று மக்களும் கட்சிகளும் அஞ்சினார்கள். மாவட்ட நிர்வாகத்தின் அறிக்கையைப் பெற்ற ஆணையம், ஜனவரி முதல் வாரம் முடியும் தறுவாயில் தேர்தலை ரத்து செய்தது. கடைசியில் மக்களவைத் தேர்தலோடு ஏப்ரல் 18 அன்று வாக்குப்பதிவு நடந்து, பூண்டி கலைவாணன் தேர்வானார்.

அந்தத் தள்ளிவைப்பு சரியானது என்றே நினைக்கிறேன். சாய்ந்த தென்னையைக் கணக்கெடுக்க வேண்டிய வருவாய்த் துறை ஊழியரை வாக்குச்சாவடிக்கு அனுப்புவது நியாயமில்லை. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் காலியான இடத்துக்குப் புயல் வரும்வரை மூன்று மாதங்களுக்கு மேல் இருந்தன. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தேர்தலை முடித்திருந்தால், புயல் வீசிய அன்று ஊருக்காகப் பேச அவையில் ஒருவர் இருந்திருப்பார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் வரும் என்பது டெல்டாவுக்குப் புதிய செய்தி இல்லை. ஆறு மாதம் என்பது கடைசிக் கெடு. ஆறாவது மாதத்தில்தான் நடத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

கெடு தாண்டினால் நீதிமன்றம் போகலாமா?

போகலாம். புனே மக்களவைத் தொகுதி 2023 மார்ச்சில் காலியாகி நீண்டகாலம் தேர்தல் நடக்காதபோது, உடனே நடத்தும்படி பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரில் உத்தரவிட்டது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது; பொதுத் தேர்தலும் வந்துவிட்டது. எனவே போகிறவர்கள் தாமதிக்காமல் போக வேண்டும்.

மீதிக் காலம் ஓராண்டுக்குக் குறைவு என்றால் தொகுதி காலியாகவே இருக்குமா?

ஆம். வால்பாறை உறுப்பினர் அமுல் கந்தசாமி 2025 ஜூன் 21 அன்று காலமானார். அந்தச் சட்டமன்றத்தின் காலம் 2026 மே மாதம் வரைதான் என்பதால் இடைத்தேர்தல் தேவைப்படவில்லை. நாகப்பட்டினம் மக்களவை உறுப்பினர் எம். செல்வராசு 2024 மே 13 அன்று காலமானபோது, அடுத்த மக்களவைக்கான வாக்குப்பதிவே அங்கே முடிந்திருந்தது.

உறுப்பினர் இல்லாத மாதங்களில் எங்கள் குறையை யாரிடம் சொல்வது?

திங்கள்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. விவசாயிகளுக்கு மாதந்தோறும் தனிக் குறைதீர் கூட்டம் உண்டு. வாய்க்கால் தூர்வாருதல், கொள்முதல் நிலையம் திறத்தல், பயிர்க் காப்பீடு ஆகியவற்றை அங்கே மனுவாகக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரிடமும் போகலாம். பக்கத்துத் தொகுதி உறுப்பினர் உங்கள் ஊர்ப் பிரச்சினையை அவையில் எழுப்பவும் தடை இல்லை. ஆனால் அவர் எழுப்புவாரா என்பது அவர் மனத்தைப் பொறுத்தது. சொந்த உறுப்பினர் என்றால் கடமை, மற்றவர் என்றால் தயவு.

இடைத்தேர்தல் அறிவித்தால் நடத்தை விதிகள் மாவட்டம் முழுவதற்குமா? கொள்முதல் நின்றுவிடுமா?

தொகுதி மாநகராட்சிப் பகுதியில் அமைந்திருந்தால் விதிகள் தொகுதி எல்லைக்குள் மட்டும். மற்ற இடங்களில் மாவட்டம் முழுவதும். ஆகவே தஞ்சாவூர் நகரத்துக்கு ஒரு மாதிரி, திருவாரூருக்கு இன்னொரு மாதிரி. தொகுதியை அறிவிக்கும்போதே ஆணையம் இதைத் தெளிவாகச் சொல்லிவிடும்.

கொள்முதல் நிற்காது. ஏற்கெனவே நடந்துவரும் பணிக்கு விதிகள் தடை இல்லை. புதிய திட்டம் அறிவிப்பது, அடிக்கல் நாட்டுவது, தொகுதி மேம்பாட்டு நிதியில் புதிதாகப் பணம் விடுவிப்பது ஆகியவைதான் கூடாது. இயற்கைப் பேரிடர் என்றால் ஆணையத்தின் ஒப்புதலோடு நிவாரணம் வழங்கலாம். "தேர்தல் விதி இருக்கிறது, மூட்டை எடுக்க முடியாது" என்று எந்த அலுவலராவது சொன்னால், எந்த விதி என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

நெல் விற்ற பணத்தைப் பறக்கும் படை பிடித்துவிட்டால்?

நடைமுறையில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் ஆவணம் கேட்பார்கள். அரசுக் கொள்முதல் நிலையத்தின் பணம் வங்கிக் கணக்குக்கே வருவதால் கணக்குப் புத்தகமும் பணம் எடுத்த சீட்டும் போதும். தனியார் வியாபாரியிடம் விற்றவர்களும், மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்களும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விற்பனைச் சீட்டு, அடங்கல் நகல், அடையாள அட்டை மூன்றையும் கையில் வையுங்கள். பறிமுதல் செய்தால் ரசீது கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். மூன்று அதிகாரிகள் கொண்ட மாவட்டக் குழுவிடம் முறையிட்டால், தேர்தலோடு தொடர்பில்லாத பணத்தைத் திருப்பித் தருவார்கள்.

பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே ரத்து செய்வது சரியா?

2016-ல் தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் அதுதான் நடந்தது. மே 16 அன்று மாநிலமே வாக்களித்தபோது இந்த இரண்டு தொகுதிகளில் மட்டும் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு அறிவிக்கையே ரத்தாகி, நவம்பர் 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. கணக்குப்படி அது இடைத்தேர்தல் இல்லை, தள்ளிப்போன பொதுத் தேர்தல். அதே நாளில் திருப்பரங்குன்றத்தில் நடந்ததுதான் இடைத்தேர்தல். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் இதே காரணத்துக்காக ரத்தாகி டிசம்பர் 21 அன்று நடந்தது.

பணத்தால் வாங்கிய வெற்றி வெற்றியே இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ரத்து நடவடிக்கையால் பணம் கொடுத்தவர் என்ன இழந்தார்? பெரும்பாலும் அதே கட்சிகள், அதே வேட்பாளர்கள் ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். கையேந்தாத வாக்காளரும் சேர்ந்து உறுப்பினரை இழந்தார். கொடுத்தவரைத் தேர்தலிலிருந்து விலக்கி வைக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு வராத வரையில் இந்தத் தண்டனை தவறான வாசலில்தான் போய் நிற்கும்.

இடைத்தேர்தலில் யார் நிற்கலாம்? தனித் தொகுதி பொதுத் தொகுதியாக மாறுமா?

25 வயது நிறைந்து, தமிழ்நாட்டில் ஏதேனும் ஒரு தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அதே தொகுதிக்காரராக இருக்க வேண்டியதில்லை. தனித் தொகுதி தனித் தொகுதியாகவே இருக்கும். திருத்துறைப்பூண்டி, கீழ்வேளூர், சீர்காழி, திருவிடைமருதூர் ஆகியவை அப்படிப்பட்டவை. டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. பதிவான செல்லுபடி வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அது போய்விடும்.

திருப்பூரிலும் சென்னையிலும் வேலை செய்கிறோம். வாக்களிக்க விடுப்பு உண்டா? சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு?

தொகுதிக்கு வெளியே வேலை செய்பவருக்கும், அந்தத் தொகுதியில் வாக்கு இருந்தால், சம்பளத்துடன் விடுப்பு உண்டு. தினக்கூலிக்காரருக்கும் பொருந்தும். வாக்காளர் அட்டை நகலை முதலாளியிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ மூலம் பெயர் சேர்க்கலாம், ஆனால் நேரில் வந்துதான் வாக்களிக்க முடியும். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் டெல்டாக்காரர்கள் இத்தனை பேர் இருக்கையில், இது பெயரளவுக்கான உரிமையாக நிற்பது வேதனை.

புதிதாக 18 வயது நிறைந்தவர்களுக்கு ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள் இப்போது உண்டு. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் பெயர் சேராது. விசாரணைக்கும் நாள் பிடிக்கும் என்பதால் தொகுதி காலியானது தெரிந்த உடனேயே படிவம் 6 கொடுத்துவிடுங்கள்.

இடைத்தேர்தலில் வென்றவருக்கு ஐந்து ஆண்டு பதவியா?

இல்லை. சட்டமன்றத்தின் மீதிக் காலம் மட்டும்.

ஓர் இடைத்தேர்தலால் ஆட்சி மாறுமா?

பெரும்பாலும் மாறாது. ஆனால் பல தொகுதிகள் ஒன்றாகக் காலியானால் கதை வேறு. 234 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மைக்கு 118 பேர் வேண்டும். 18 பேர் நீக்கப்பட்டபோது மொத்த எண்ணிக்கை குறைந்து, தேவையான பெரும்பான்மையும் குறைந்தது. 2019-ல் ஏப்ரல், மே இரண்டு மாதங்களிலும் சேர்த்து 22 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. திமுக 13, அதிமுக 9 வென்றன. அந்த ஒன்பதுதான் அன்றைய அரசைக் காலம் முடியும்வரை நிற்கச் செய்தது. தஞ்சாவூர், திருவாரூர் இரண்டும் எதிர்க்கட்சிக்குப் போனாலும் அரசு அசையவில்லை.

தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தால் கட்டாயம் இடைத்தேர்தல்தானா?

எப்போதும் இல்லை. முடிவு வந்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குத் தொடரலாம். உண்மையில் அதிக வாக்கு பெற்றவர் மனுதாரர்தான் என்று நிரூபணமானால் நீதிமன்றம் அவரையே வென்றவராக அறிவிக்க முடியும். இத்தகைய வழக்கு நிலுவையில் இருக்கும்போது தொகுதி வேறு காரணத்தால் காலியானால், ஆணையம் வழக்கு முடியும்வரை காத்திருப்பதுண்டு. 2019 ஏப்ரல் அறிவிப்பில் திருப்பரங்குன்றம், ஒட்டப்பிடாரம், அரவக்குறிச்சி விடுபட்டது இதனால்தான். அங்கே மே 19 அன்று தேர்தல் நடந்தது.

விதிமீறலைப் பார்த்தால் எங்கே சொல்வது?

1950 என்ற எண்ணில் அழைக்கலாம். கைப்பேசியில் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி இருந்தால் அங்கேயே படமோ காணொலியோ எடுத்து அனுப்பலாம். பெயர் சொல்லாமலும் அனுப்ப வழி உண்டு. 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது ஆணையத்தின் கணக்கு. செயலி, எடுக்கும் இடத்தைத் தானே பதிவு செய்யும் என்பதால், வாட்ஸ்அப்பில் வந்த பழைய படத்தை அதில் ஏற்ற முடியாது. அந்த இடத்தில் நின்றே எடுக்க வேண்டும்.